தானம் தீர்க்காத நிலப்பசி

1951 ஏப்ரல் 18-ஆம் தேதி, தெலுங்கானாவின் அன்றைய நல்கொண்டா ஜில்லாவிலிருந்த போச்சம்பள்ளி கிராமத்தில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தார் தங்கள் ஜீவனத்துக்கு 80 ஏக்கர் நிலம் வேண்டுமென்று ஆசார்ய வினோபா பாவேயிடம் முறையிட்டதும், அங்கிருந்த ராமச்சந்திர ரெட்டி என்னும் நிலச்சுவான்தார் எழுந்து 100 ஏக்கர் தருவதாக வாக்களித்ததுமே பூதான இயக்கத்தின் ஆதி சரித்திரம். நிலத்துக்காக ரத்தம் சிந்திய அப்பிரதேசத்தில் இது தேசத்தையே நெகிழச் செய்தது.

ஐந்து புதல்வர்கள் உடையவர் தம்மை ஆறாவது புதல்வனாகப் பாவித்து ஆறில் ஒரு பாகம் தரவேண்டுமென்று யாசித்து, ஐந்து கோடி ஏக்கரை இலக்காகக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் கால்நடையாகவே சென்ற அம்மகானின் தியாகம் வணக்கத்துக்குரியது; ஆயினும் திரண்ட நிலம் அவ்விலக்கில் பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை; திரண்டதிலும் கணிசமான பகுதி கல்லாங்கரடாகவும் களர் பூமியாகவும் வழக்கில் சிக்கியதாகவும் இருந்தபடியால், ஏழையின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

இதற்குக் காரணம் வினோபாவின் சிரத்தைக் குறைவன்று. எந்த நிலத்தை, எவ்வளவு, எப்போது கொடுப்பது என்னும் தீர்மானம் முழுவதும் கொடுப்பவரிடமே தங்கிவிடுவது தானத்தின் சுபாவம்; ஆகவே வாய்க்கால் பாயும் நன்செய் மிராசுதாரரிடமே நின்றது; வாரம் எவ்வளவு, குடியிருக்கும் மனை யாருக்குச் சொந்தம், குத்தகைதாரனை நினைத்தபோது வெளியேற்றலாமா என்ற கேள்விகளைத் தானப்பத்திரம் தொடவேயில்லை.

அக்கேள்விகளைத் தொட்டது சட்டம். கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகைதாரர்களை உடைமையாளர்களாக்கிற்று. மேற்கு வங்கத்தில் 1978-இல் தொடங்கிய 'ஆபரேஷன் பர்கா', வாரத்துக்கு உழுதவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, அவர்களை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி காத்தது. ஆனால் சட்டமும் தானாக வெல்வதில்லை என்பதற்கு நம் தமிழ்நாடே சாட்சி. 1961-இன் உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என வரம்பு கட்டியபோது, பினாமிப் பத்திரங்களிலும் தர்ம ஸ்தாபனங்களின் பெயரிலும் நிலத்தை ஒளித்தோர் உண்டு. தர்மத்தின் பெயரே நியாயத்துக்கு வேலியானது எத்தகைய கொடுமை!

பசித்தவனுக்கு இன்று சோறிடுவது அவசியமான கடமை. அதைப் பழிப்பது பாவம். ஆனால் உழுபவனுக்கு உரியதைப் பிச்சையாக அளித்துவிட்டு, அதையே நீதியென்று நாம் திருப்தியுறலாகாது. கொடையாளிகளைப் போற்றும் நாம், நிலப்பதிவேட்டில் உழுபவனின் பெயர் ஏறும்வரை சர்க்காரைக் கேட்டுக்கொண்டே இருப்போமாக.