கல்லில் பிறந்த அரையணா

உத்திரமேரூர்வாசிகளுக்குக் கல்லைப் படிக்கும் பழக்கம் ஊர் தந்த சீதனம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட குடவோலைச் சாசனங்களை உற்றுப் பார்த்தே நம் பள்ளிப் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆனால் காகிதத்தின்மேல் பதிந்த கல்லைப் படிக்கும் சந்தர்ப்பம் நமக்குச் சென்ற கோடை விடுமுறையில்தான் வாய்த்தது.

நம் மாணவன் ஒருவன், பாட்டி வீட்டுப் பரணில் அகப்பட்ட கடிதக் கட்டொன்றைக் கொணர்ந்தான். அவற்றுள் மடித்து அனுப்பிய ஒரு கடிதத்தின் முகப்பில் நீல நிற அரையணாத் தபால் தலை. அதில் விக்டோரியா ராணியின் முகம். நான்கு ஓரமும் கத்தரியால் வெட்டியவை. "பல் இல்லாத ஸ்டாம்பு போலி, போனால் போகிறது, இருபது ரூபாய் தருகிறேன்" என்று வியாபாரி ஒருவர் சொல்லிப் போனாராம். பாட்டியம்மாளும் சம்மதித்துவிட்டார். "தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துக் கொடுத்துவிடட்டுமா, ஸார்?" என்றான் பையன்.

நல்ல வேளை, கேட்டானே!

பல் இல்லாமை அந்தத் தலைக்குக் குற்றமன்று, பிறவி லட்சணம். 1854-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதற்குமான முதல் தபால் தலைகளைக் கல்கத்தாவில் ஸர்வேயர் ஜெனரல் காரியாலயத்தில், காப்டன் துய்லியர் மேற்பார்வையில், பூகோளப் படம் அச்சிடும் கற்களிலேயே அச்சிட்டார்கள். அக்காலக் குறிப்புகளில் நுமருத்தீன் என்று பெயர் காணும் இந்தியச் சிற்பி அரையணாவைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். முதலில் அது சிவப்பாகவே அச்சாயிற்று. சீமையிலிருந்து வந்த சிவப்பு மை தீர்ந்துபோயிற்று. உள்ளூர் மையோ கல்லையே கெடுத்தது. ஆகவே வேறு சித்திரம் தீட்டி நீலத்துக்கு மாறினார்கள். இரண்டையும் பிரித்தறிய நிறத்தை மட்டும் நம்பவேண்டியதில்லை. பக்க ஓரத்திலுள்ள வளைவுகளை எண்ணினால் சிவப்பில் ஒன்பதரை, நீலத்தில் எட்டு.

கல்லச்சின் சூட்சுமம் இதுதான்: மூலத்திலிருந்து பிரதி எடுத்து, ஒரு தாளுக்கு 96 தலைகள் வரும்படி கல்லில் பதிக்கிறார்கள். ஒவ்வொரு பதிவிலும் ஒரு கோடு முறியும். ஒரு புள்ளி கூடும். தேய்ந்த இடத்தைத் தொழிலாளி கையால் திருத்துவான். அதனால் ஒரே தாளில் பிறந்த சகோதரர்களுக்கும் முகஜாடை சற்றே மாறும். அரையணாவுக்கு மூன்று மூலப் படிவங்கள் உண்டு, ஓரணாவுக்கும் அப்படியே. எகிப்து தேசத்தில் 1867-இல் அலெக்ஸாந்திரியாவில் கல்லச்சிட்ட ஸ்பிங்க்ஸ் தலைகளிலும் இதே கதை. ஒவ்வொரு விலைக்கும் நான்கு ஜாடைகள். நமது நாலணாவின் கதையோ விபரீதமானது. சிவப்புச் சட்டம் ஒரு தடவை, நீலத் தலை ஒரு தடவை என அச்சிட்டதில், தாளைத் திருப்பிவைத்த யாரோ ஒருவர் புண்ணியத்தில் ராணியார் தலைகீழாக நின்றார். அப்பிரதிகள் இன்று உலகப் பிரசித்தம்.

பூதக்கண்ணாடியைப் பையன் கையில் கொடுத்தோம். கல்லச்சில் மை தட்டையாகப் படிந்திருக்கும். அதே ஆண்டின் பச்சை இரண்டணா கல்கத்தா நாணயச் சாலையில் எழுத்தச்சைப் போல அழுத்தி அச்சிடப்பட்டது. அவ்வகை அச்சில் கோட்டின் விளிம்பில் மை ஒதுங்கி நிற்கும். இக்காலத்து நகலாயின் நுண்ணிய வண்ணப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்துவிடும். பையனுடைய அரையணாவில் புள்ளியும் இல்லை, ஒதுங்கிய மையும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்தபோது நீர்க்குறி தென்படாததற்கும் அவன் கலங்கவேண்டியதில்லை. கம்பெனியின் பெரிய சின்னம் தாள் முழுவதற்கும் ஒன்றே. சில தலைகளுக்கு அதில் ஒரு துண்டு கிடைக்கும், சிலவற்றுக்கு ஒன்றுமே கிடைக்காது.

1855 முதல் லண்டன் டி லா ரூ கம்பெனிக்கு வேலை போயிற்று. இந்தியக் கடிதத்துக்குத் தலை மீண்டும் இந்தியாவிலேயே அச்சாக, 1926-இல் நாசிக் அச்சகம் தலைகளை அச்சிடத் தொடங்கும்வரை எழுபது ஆண்டுகள் காத்திருக்கவேண்டியதாயிற்று. கல்கத்தாக் கைகள் சீமைப் பூரணத்துவத்தைத் தரவில்லை என்பது மெய். ஆனால் நமக்கென்னவோ அந்தக் கோணல் கோடுகளில்தான் பிரியம்.

கடிதத்தைப் பிரித்தோம். "ஆனந்த வருஷம் தை மாதம்" என்றிருந்தது. அறுபது ஆண்டுக்கொரு முறை வரும் ஆனந்தவில் இது எந்த ஆனந்த? அரையணா சொல்லிற்று: 1855 ஜனவரி. மாதத்தைத் தலை சொல்லாது. சதாப்தத்தைக் கடிதம் சொல்லாது. இரண்டையும் தண்ணீரில் பிரித்திருந்தால் இரண்டும் ஊமையாகியிருக்கும். நாமும் சிறுவயதில் இத்தகைய தலைகள் இரண்டை ஊறவைத்துப் பிரித்து, அழகாயிருக்கட்டும் என்று கோடு வரை கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டியவர்களே. அவை இன்னும் நம்மிடம் இருக்கின்றன. யார் யாருக்கு எழுதிய கடிதங்களென்று கேட்டால் பதிலில்லை.

நீல அரையணா அப்படியொன்றும் அபூர்வமன்று, பெரும் பணம் வராது என்பதையும் பாட்டியம்மாளிடம் ஒளிக்காமல் சொல்லியனுப்பினோம். கடிதத்தில் கண்டது அவருடைய கொள்ளுப்பாட்டனார் பிறந்த செய்தி. அவர் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். வியாபாரி மறுபடி வந்து ஐந்நூறு ரூபாய் வரை ஏறினாராம்.

"போலிக்கு எதற்கய்யா ஐந்நூறு ரூபாய்?" என்றாராம் பாட்டியம்மாள்.