யார் பெயரில் யார்?

கல்லூரி அலுவலகக் கணினிக்கு எத்தனை விதிகள் போட்டாலும், ஒருவரின் கடவுச்சொல்லை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது என்பதே முதன்மையானது. அகமதிப்பீட்டு மதிப்பெண், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மதிப்பெண் மாறியிருந்தால், எந்தப் பயனர் கணக்கிலிருந்து மாறியது என்பதை மட்டுமே கணினியின் பதிவேடு காட்டும். எழுத்தர் விடுப்பில் போனால் வேலை நின்றுவிடுமே என்பார்கள். நியாயம்தான், ஆனால் இன்னொருவருக்கு அவரது சொந்தக் கணக்கிலேயே தற்காலிக அனுமதி தரலாம், சில நிமிட வேலை. வேவு பார்க்கவா இந்தப் பதிவேடு என்ற சந்தேகமும் எழும். அதனால் பதிவேட்டை யார், எப்போது பார்க்கலாம் என்பதையும் நிர்வாகம் எழுத்தில் தரவேண்டும். பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 66சி-யின்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நம்பிக் கொடுத்தவர் குற்றமற்றவராகவே இருக்கலாம்; விசாரணைக்கு முதலில் அழைக்கப்படுபவர் என்னவோ அவர்தான்.