சிமிட்டும் செவ்விளக்கு

ஓர் இயந்திரம் பழுதுற்றால் நம்மில் பலர் முதலில் அதை ஒரு தட்டுத் தட்டுவோம். அடுத்து, வாயால் ஊதுவோம். தட்டுவதைப் பற்றி இன்று நான் பேசப் போவதில்லை. ஊதுவதைப் பற்றியே பேசப் போகிறேன்.

அமெரிக்காவில் நான் தங்கியிருந்த வீட்டின் அம்மையார் ஒரு நாள் நிலவறையிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்து வந்தார். அது நின்டெண்டோ நிறுவனத்தின் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டி. "இதன் விளக்குச் சிமிட்டுகிறது, படம் வரவில்லை. எறிந்துவிடலாம். ஆனால் அந்தப் பொன்னிறக் கார்ட்ரிட்ஜில் என் கணவர் விளையாடிய ஆட்டம் பதிவாகியிருந்தது" என்றார். கணவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எறிவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை எனக்குத் தருமாறு கேட்டுக்கொண்டேன்.

இப்பெட்டியின் வரலாற்றில் அதன் நோய்க்கும் விடை இருக்கிறது. ஜப்பானில் 1983-இல் இதன் மூத்த வடிவம் விற்பனைக்கு வந்தபோது, கார்ட்ரிட்ஜை மேலிருந்து செங்குத்தாகச் செருகினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வாணிகம் சரிந்தது. கடைக்காரர்கள் அத்தகைய பொருள்களைக் கண்டாலே அஞ்சினார்கள். எனவே 1985-இல் அங்கே வந்த வடிவம் வீடியோ டேப் கருவியைப் போன்ற தோற்றம் பெற்றது. கார்ட்ரிட்ஜை முன்புறமாகச் செலுத்திக் கீழே அழுத்த வேண்டும். உள்ளே 72 உலோக முனைகள் அதன் விளிம்பைக் கவ்வுகின்றன. நாளாக ஆக அம்முனைகளில் அழுக்குப் படிகிறது. அவற்றின் பிடியும் தளர்கிறது.

விளக்கு ஏன் சிமிட்டுகிறது? பெட்டிக்குள் ஒரு காவற்சில்லு உண்டு. கார்ட்ரிட்ஜிலும் அதற்கு இணையான ஒன்று உண்டு. இரண்டும் ஓயாமல் அடையாளச் சொல் பரிமாறிக்கொள்ளும். உரிமம் பெறாதோர் செய்த ஆட்டங்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. மறுமொழி தவறினால், பெட்டியின் காவற்சில்லு ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை இயந்திரத்தை மீண்டும் தொடக்கத்துக்குத் தள்ளிவிடும். ஆகவே சிமிட்டும் விளக்கு மரணத்தின் அறிகுறியன்று. "வாயிலில் நிற்பவர் யார் என்று தெரியவில்லை" என்று காவலன் கூறுவதே அது. விளக்கே எரியாவிட்டால் மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள். விளக்கு நிலையாக எரிந்தும் படம் சிதறினால், காவலர்கள் பேசிக்கொள்கிறார்கள், வேறு முனைகள்தாம் சரியாகத் தொடவில்லை என்று கொள்ளலாம். இந்த மூன்று நிலைகளையும் பிரித்தறியாமல் திருப்புளியை எடுப்பவன் இருட்டில் ஊசி தேடுகிறான்.

அந்த அம்மையாரும் ஊதித்தான் பார்த்திருந்தார். உலகெங்கும் சிறுவர் இதைத்தான் செய்தார்கள். சில வேளை பலனும் கிடைத்தது. பலன் தந்தது மூச்சன்று. கழற்றி மறுபடி செருகியது. செருகும்போது முனைகள் ஒன்றோடொன்று உராய்ந்து புதிய இடத்தில் தொடுகின்றன. புகழ் மட்டும் மூச்சுக்குப் போயிற்று! வாயின் ஈரமோ உலோகத்தில் தங்கிக் காலப்போக்கில் அதை அரிக்கிறது. ஊத வேண்டாம் என்று அந்நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

முதலில் மின்னிணைப்பைத் துண்டித்தேன். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில், நீர் குறைவாகக் கலந்த வகையை வாங்கி, பஞ்சுக் குச்சியை அதில் நனைத்துக் கார்ட்ரிட்ஜின் விளிம்பை இரு புறமும் துடைத்தேன். முதற் குச்சி கரியாக வந்தது. ஐந்தாவது குச்சி வெள்ளையாகவே வந்தது. உப்புத்தாள் கூடாது, மேற்பூச்சு மிக மெல்லியது. முன்பொரு முறை ஒரு வானொலிப் பெட்டியின் முனைகளை அப்படித் தேய்த்துக் கெடுத்தவன் நான்.

கார்ட்ரிட்ஜைத் திறக்கவும் இல்லை. அமெரிக்காவில் 1987-இல் வெளிவந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' என்னும் அந்த ஆட்டத்தில், பதிவைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறு பாட்டரி. அதன் தொடர்பு அறுந்தால் பதிவு அழிந்துவிடும். பெட்டியின் 72 முனைகளைத் துலக்க, வேறொரு சாதாரணக் கார்ட்ரிட்ஜின் விளிம்பைச் சற்றே ஈரமாக்கிப் பல முறை செருகி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அழுக்கு அதில் ஒட்டி வந்தது. எல்லாம் நன்றாக உலரும் வரை காத்திருந்தோம். இந்தக் காத்திருப்புத்தான் மிகக் கடினமான பகுதி.

பின்னர்ப் பொன்னிறக் கார்ட்ரிட்ஜைச் செலுத்தி விசையை அழுத்தினேன். விளக்கு இரு முறை சிமிட்டியது. அணைத்துவிட்டு, கழற்றி, மீண்டும் செருகினேன். இம்முறை அது நிலைத்து எரிந்தது. பதிவுப் பட்டியலில் மூன்று பெயர்கள் தெரிந்தன. முதல் இரண்டும் பிள்ளைகளுடையவை. மூன்றாவதை அம்மையார் தாமே வாய்விட்டுப் படித்தார்.

அணைக்க முற்பட்ட அவர் கையை மெல்லத் தடுத்தேன். இந்த ஆட்டத்தில் 'ரீசெட்' பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்விசையை அணைக்க வேண்டும். இல்லையேல் பதிவு சிதையக்கூடும். அவர் ஒரு விரலால் அதை அழுத்தினார். நான் விசையை அணைத்தேன்.