பிளாஸ்டிக் சர்ஜரி: தகுதியுள்ள நிபுணரைத் தேர்ந்தெடுத்தல்

'பிளாஸ்டிக் சர்ஜரி' என்ற சொற்றொடரைக் கேட்டவுடன், உடலுக்குள் ஏதோ பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். வாளியும் குடமும் செய்யப் பயன்படும் பொருளுக்கும் இந்தச் சிகிச்சைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வனைதல், உருவாக்குதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இரண்டும் பெயர் பெற்றன, அவ்வளவே. சிகிச்சைக்குப் பெயர் வழங்கியதுதான் முந்தியது. எட்வர்ட் ஸைஸ் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1838-ம் ஆண்டிலேயே இப்பெயரால் ஒரு நூல் வெளியிட்டார். குயவன் களிமண்ணை வனைவது போல, சிதைந்த தோலையும் தசையையும் மீண்டும் உருப்படுத்துவதே இத்துறையின் பணி.

தீக்காயத்தால் சுருங்கிப்போன கழுத்து, பிறவியிலேயே பிளவுபட்ட உதடும் அண்ணமும், இயந்திரத்தில் சிக்கி நசுங்கிய கை, புற்றுநோய்க்காக நீக்கப்பட்ட தாடை, தொழுநோயால் மடங்கிப்போன விரல்கள் ஆகிய இவை யாவும் இத்துறையைச் சேர்ந்தவையே. மூக்கை நேராக்குதல், வழுக்கையில் முடி நடுதல், வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தல் ஆகியன இதன் மற்றொரு பகுதி. முதல் வகை நோயாளியைப் பெரும்பாலும் வேறொரு டாக்டரோ ஆஸ்பத்திரியோ நிபுணரிடம் அனுப்பி வைக்கிறது. இரண்டாம் வகையினர் தாமே தேடிச் செல்கின்றனர். நோய் ஏதுமின்றி நல்ல தேக நிலையில் இருப்பவர், தம் விருப்பத்தின் பேரில் அறுவை மேஜையில் படுக்கப் போகிறார். ஆகவே, யாரிடம் படுக்கிறோம் என்ற கேள்வி அவருக்கு மிக முக்கியமானது.

மூக்கைப் புதிதாக அமைக்கும் கலை இந்நாட்டில் மிகத் தொன்மையானது. சுசுருத சம்ஹிதையில் அதன் முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. 1792-ல் முடிவுற்ற மைசூர்ப் போரின்போது, ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டார். புனேக்கு அருகில், செங்கல் அறுக்கும் குலத்தில் பிறந்த ஒரு வைத்தியர், மெழுகினால் மூக்கின் அளவை எடுத்தார். அந்த மெழுகைத் தட்டையாக்கி நெற்றியின் மீது வைத்து, அதே அளவுக்குத் தோலை அறுத்துக் கீழே திருப்பிப் புது மூக்கை அமைத்தார். இச்செய்தி லண்டனில் 'ஜென்டில்மன்ஸ் மாகஸீன்' என்ற பத்திரிகையின் 1794 அக்டோபர் இதழில் வெளியாயிற்று. இம்முறையைக் கையாள விரும்பிய ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில வைத்தியர், முதலில் பிரேதங்களில் பழகிப் பார்த்து, அதன் பின்னரே 1814-ல் உயிருள்ள ஒருவருக்கு அச்சிகிச்சையைச் செய்தார்.

புனே வைத்தியரிடம் பட்டம் எதுவும் இல்லை. அதற்குத் தேவையும் இருந்திராது. அவர் வனைந்த மூக்குகளே ஊரில் நடமாடி அவருக்குச் சாட்சி கூறியிருக்கும். இன்றைய நிலைமை வேறு. ஒரு நகரத்தில் வசிப்பவர் வேறொரு நகரத்துக்குச் சென்று சிகிச்சை செய்துகொள்கிறார். அன்றியும், அழகுக்கான சிகிச்சை செய்துகொண்டவர் அதை உறவினரிடம்கூடச் சொல்வதில்லை. குடல்வால் சிகிச்சை செய்துகொண்டவர் டாக்டரின் பெயரைத் தெருவெல்லாம் சொல்வார். மூக்கைத் திருத்திக்கொண்டவர் வாய் திறக்கமாட்டார். அண்டை வீட்டாரின் சாட்சி இவ்வாறு மௌனமாகிவிட்டதனால், அதன் இடத்தை விளம்பரம் பிடித்துக்கொண்டது. விளம்பரத்துக்கு மாற்றாக நோயாளியிடம் உள்ள உறுதியான சாதனம் மருத்துவர் பதிவேடு ஒன்றே.

பதிவேட்டில் எதைத் தேடுவது? இதற்கு நிபுணரின் பயிற்சி எத்தகையது என்று அறிவது அவசியம். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு, ஆஸ்பத்திரிப் பயிற்சி உட்பட, 5½ ஆண்டுகள். அதன்பின் பொது அறுவைச் சிகிச்சையில் எம்.எஸ். அல்லது டி.என்.பி. பட்டத்துக்கு 3 ஆண்டுகள். அதற்கும் மேலாக, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.ஆர்.என்.பி. பட்டத்துக்கு 3 ஆண்டுகள். ஆக 11½ ஆண்டுகள். எம்.பி.பி.எஸ். முடித்தவர் நேரடியாகச் சேரக்கூடிய 6 ஆண்டுப் படிப்பும் உண்டு. இந்தியப் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் 1957-ல் தோன்றியது. 1958-ல் நாகபுரி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதற்கெனத் தனித் துறை ஏற்பட்டது. இத்துறையின் பயிற்சி முறை அக்காலந்தொட்டுப் படிப்படியாக வகுக்கப்பட்டதாகும்.

இத்தனை ஆண்டுகள் எதற்கு என்று தோன்றலாம். தோலை அறுப்பதும் தைப்பதும் இக்கலையின் சிறு பகுதியே. ஓரிடத்துத் தோலைப் பெயர்த்து வேறிடத்தில் பொருத்தும்போது அதற்குள் இரத்தம் எவ்வழியாக வருகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். அவ்வழி தடைப்பட்டால், மிக நேர்த்தியாகத் தைக்கப்பட்ட தோலும் சில நாட்களில் கறுத்து அழிந்துவிடும். நுண்ணோக்கியின் கீழ் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள இரத்தக் குழாய்களை, தலைமயிரினும் மெல்லிய நூலால் இணைக்கப் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்த வேலை கெட்டுப்போனால் அதைச் சீர்செய்யக் கற்றிருக்க வேண்டும். குறுகிய காலப் பயிற்சியில் ஒருவர் ஒரு சிகிச்சையைக் கற்றுவிடலாம்; அது கெடும் விதங்களைக் கற்பதற்குத்தான் ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

'காஸ்மெடிக் சர்ஜன்', 'அழகியல் நிபுணர்' போன்ற பெயர்கள் பலகைகளில் தாராளமாகக் காணப்படுகின்றன. இவை மேற்கூறிய பட்டங்களின் பெயர்கள் அல்ல. பெயருக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் எழுத்துக்களில் சில, சில வார வகுப்புக்கு அளிக்கப்பட்ட சான்றிதழாகவோ, சந்தா கட்டிப் பெற்ற சங்க உறுப்பினர் பதவியாகவோ இருக்கக்கூடும். 2002-ம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், ஒரு துறையில் தனித் தகுதி பெறாத மருத்துவர் அத்துறையின் நிபுணர் என்று தம்மைக் கூறிக்கொள்ளலாகாது என விதிக்கின்றன. முடி நடுதல் முதலிய அழகியல் சிகிச்சைகள் குறித்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட அறிவுரையில், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது இவற்றைத் தொடங்கப் போதுமான பயிற்சியாகாது என்று கூறப்பட்டது. கார்ப்யூ பிரேதங்களில் பழகியதை இங்கு நினைவுகூர்வது பொருந்தும்.

பிற துறையினர் எவரும் இவ்வேலையைத் தொடலாகாது என்பதல்ல இதன் கருத்து. முடி நடுதலில் தோல் நோய் நிபுணர்களும், மூக்குச் சிகிச்சையில் காது மூக்கு தொண்டை நிபுணர்களும், இமைச் சிகிச்சையில் கண் நிபுணர்களும், தாடை எலும்புச் சிகிச்சையில் முகத்தாடைச் சர்ஜன்களும் முறையான பயிற்சி பெற்றிருக்கலாம். ஒவ்வொருவரும் தத்தம் துறையின் எல்லைக்குள் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். கண் இமையைச் செவ்வனே திருத்துபவர் வயிற்றுக் கொழுப்பையும் எடுக்க முன்வந்தால், கேள்வி கேட்பதற்கு அதுவே தருணம்.

மருத்துவர் தம் பதிவு எண்ணைச் சிகிச்சை நிலையத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும்; மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், பண ரசீதிலும் குறிக்க வேண்டும். இதுவும் மேற்படி விதிகளில் உள்ளதே. இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக 2020 செப்டம்பரில் செயற்படத் தொடங்கிய தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில், பெயரையோ பதிவு எண்ணையோ கொண்டு எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். பட்டம், அதை அளித்த பல்கலைக்கழகம், ஆண்டு ஆகியவை அங்கே காணப்படும். எம்.பி.பி.எஸ். மட்டும் காணப்பட்டு மேற்பட்டம் காணப்படாவிடின், உடனே மோசடி என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. மாநில மருத்துவக் கவுன்சிலில் விசாரிக்கலாம். மருத்துவரையே கேட்கவும் செய்யலாம். பதினோரு ஆண்டுகளுக்கு மேல் உழைத்துப் பெற்ற பட்டத்தைக் காட்டும்படி கேட்டால் உண்மையான நிபுணர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பட்டம் இருப்பது தொடக்கமே. அதன்பின் நேரில் சந்தித்துப் பேசும்போது பல விஷயங்கள் விளங்கும். முதற் சந்திப்பில் நோயாளியுடன் அதிக நேரம் பேசுபவர் யார் என்று கவனித்தல் நலம். அறுவை செய்யப்போகும் மருத்துவரா, அன்றி 'ஆலோசகர்' என்ற பெயருடன் கட்டண விகிதங்களை ஒப்பிக்கும் ஊழியரா? இதே சிகிச்சையை எத்தனை முறை செய்திருக்கிறார், அவற்றில் எத்தனைக்கு மறு சிகிச்சை தேவைப்பட்டது, இரத்தக் கசிவோ சீழோ ஏற்பட்டால் இரவில் யார் வருவார் என்று கேட்க வேண்டும். 'எனக்கு ஒருபோதும் கெட்டதில்லை' என்ற பதில் நம்பிக்கைக்குரியதல்ல. எந்தச் சர்ஜனுக்கும் சில கெட்டிருக்கும். முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்களைக் காட்டினால், இரண்டும் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் எடுக்கப்பட்டவையா என்று பார்க்க வேண்டும். பின்படம் எத்தனை மாதங்களுக்குப் பிறகு எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். மூக்கின் வீக்கம் முழுவதும் தணிய ஓராண்டு வரை ஆகலாம்; தழும்பு முதிர்வதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

நல்ல நிபுணர் நோயாளியையும் கேள்வி கேட்பார். புகை பிடிப்பவரெனில், புகையிலையின் நஞ்சு நுண் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், சிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தும்படி கட்டளையிடுவார். சர்க்கரை நோய், முன்பு உண்ட மருந்துகள், மனநிலை ஆகியவற்றையும் விசாரிப்பார். சில வேளைகளில் 'உங்களுக்கு இது வேண்டாம்' என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவ்வாறு மறுப்பவரிடமே பிற்காலத்தில் மீண்டும் செல்வது விவேகம். மாறாக, இன்றைக்கே முன்பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகை என்று கூறும் இடத்தில், அவசரம் யாருடையது என்பது தெளிவு.

'ஊசிதானே' என்று அலட்சியமாக எண்ணப்படுவனவும் உண்டு. முகத்தில் பள்ளம் நிரப்பச் செலுத்தப்படும் மருந்து, மூக்கின் அருகிலோ புருவ நடுவிலோ இரத்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் பார்வையே பறிபோகக்கூடும். கொழுப்பை உறிஞ்சி எடுத்தல் உடல் எடையைக் குறைக்கும் வைத்தியம் அன்று. ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுக்கப்பட்டால் இரவு முழுவதும் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பு வேண்டுமென்பது பொதுவாக ஏற்கப்பட்ட முறை. மயக்க மருந்து கொடுப்பவர் அத்துறையில் பட்டம் பெற்ற தனி டாக்டராக இருத்தல் வேண்டும். பிராணவாயு, இருதயம் நின்றால் இயக்கும் கருவி, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவை அங்கேயே உள்ளனவா, இல்லாவிடில் எந்த ஆஸ்பத்திரியுடன் ஏற்பாடு என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சலவைக்கல் தளத்தையும் மலர்ச்சாடியையும் கண்டு திருப்தியடைந்து திரும்புவோர் அநேகர்.

உடலுக்குள் வைக்கப்படும் பொருளின் விஷயத்தில் ஒரு முன்னுதாரணம் உண்டு. பிரான்ஸில் ஒரு கம்பெனி, மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலை உபயோகத்துக்கான சிலிகோனைக் கொண்டு மார்பகப் பொருத்துறுப்புகளைச் செய்து பல நாடுகளுக்கும் விற்றது 2010-ல் வெளியாயிற்று. தம் உடலில் இருப்பது எந்தத் தயாரிப்பு என்று அறிந்துகொள்ள அப்போது பெண்கள் பழைய காகிதங்களைத் தேட வேண்டியதாயிற்று. ஆகவே, தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துதல் அவசியம். மருத்துவக் குறிப்புகளின் நகலை நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டுமென்பது விதி. சம்மதப் பத்திரத்தில், செய்யப்போகும் சிகிச்சை இன்னதென்று தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம், உயிரைக் காக்க வேண்டிய அவசரம் தவிர, வேறொரு சிகிச்சைக்குச் சம்மதமாகாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

செலவைப் பொறுத்தவரை, ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் பாலிசிகள் தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் செய்யப்படும் சீரமைப்புக்கு விலக்கு உண்டு. காரணத்தை டாக்டர் எழுத்தில் குறிப்பிட்டிருத்தல் வேண்டும். டில்லி ஸப்தர்ஜங், சென்னை கீழ்ப்பாக்கம் போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளின் தீக்காயப் பிரிவுகளில், இத்துறையின் மிகக் கடினமான வேலைகள் அன்றாடம் நடைபெறுகின்றன. அங்கே விளம்பரம் இல்லை. நீண்ட வரிசைதான் உண்டு.

தேர்ந்தெடுக்க நேரமே இல்லாத சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. கரும்பு ஆலையிலோ மரம் அறுக்கும் பட்டறையிலோ விரல் துண்டாகி விழுந்தால், பதிவேட்டைப் புரட்ட அவகாசம் ஏது? நுண் அறுவைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரி அருகில் எங்கே இருக்கிறது என்பதைத் தொழிற்சாலைகள் முன்னதாகவே விசாரித்து, தொலைபேசி எண்ணுடன் சுவரில் எழுதி வைத்தல் வேண்டும். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியும் நீரும் உள்ள பாத்திரத்தில் வைத்து, காயமுற்றவருடனேயே அனுப்ப வேண்டும். விரல் நேராகப் பனிக்கட்டியில் படலாகாது. பட்டால் திசுக்கள் உறைந்து கெட்டுவிடும். விரலாயின் குளிர்ச்சியில் சற்றுத் தாங்கும். தசை மிகுந்த முன்கை போன்ற பகுதிக்குக் கெடு ஏறக்குறைய 6 மணி நேரமே.