சேப்பாக்கத்து சிக்சர் திருத்தணிக்கு எப்போது வரும்?

சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். போட்டி நடக்கும் இரவு. திருத்தணியில் டி.வி. ஓடும் வீட்டிலிருந்து ‘சிக்சர்!’ என்று கூச்சல் எழுகிறது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கோ அதற்கு முந்தைய பந்தே இன்னும் முடியவில்லை. இருவரும் பார்ப்பது ‘நேரலை’தான். அப்படியானால் இந்த அரை நிமிடம் எங்கே போனது?

சேப்பாக்கத்துக்கும் திருத்தணிக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 72 கிலோமீட்டர். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மைதானத்து ஆரவாரம் வழியில் தேயாமல் வந்து சேர்வதாக வைத்துக்கொண்டாலும் மூன்றரை நிமிடம் பிடிக்கும். ரேடியோ அலையின் வேகமோ நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். இதே தூரத்தை அது 0.24 மில்லி விநாடியில் கடந்துவிடும்.

அப்துல் ஜப்பார் போன்றவர்களின் தமிழ் நேர்முக வர்ணனை வீடுகளை நிறைத்த காலத்தில் இந்த வேகம் முழுதாகவே நமக்குக் கிடைத்தது. சென்னை வானொலியின் 720 கிலோ ஹெர்ட்ஸ் மத்திய அலைக்கு நீளம் சுமார் 417 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை நிலத்தைத் தழுவியபடி வளைந்து செல்லும். திருத்தணியைச் சுற்றியுள்ள குன்றுகள் அதற்குப் பெரிய தடையல்ல. மைதானத்திலிருந்து ஒலிபரப்புக் கோபுரம் வரையிலான கம்பி வழியையும் சேர்த்தால்கூட மொத்தத் தாமதம் சில மில்லி விநாடிகள்தான். வர்ணனையாளரின் குரல் ஐந்து மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவர் காதை எட்டவே 15 மில்லி விநாடி ஆகும். அவருக்கும் முன்பே, டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்திருந்த திருத்தணிக்காரர் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டார்! 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் ஆட்டமிழக்க, இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட் ‘டை’ ஆனது. அதுபோன்ற ஒரு கணத்தில் ஒரு நொடியின் மதிப்பு என்ன என்பது ரசிகர்களுக்குத் தெரியும்.

டிஷ் ஆன்டெனா வந்தபின் பாதை மாறியது. படம் பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, அதே தூரம் இறங்கி வருகிறது. ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர்: தரைவழித் தூரத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! அதற்கும் ஆகும் நேரம் கால் நொடிக்குள்தான். எனவே அரை நிமிடத்தை விழுங்கியது தூரம் அல்ல.

விழுங்கியது கணக்கு. உயர்தரக் காணொளியைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 100 கோடி பிட்டுக்கு மேல் தேவை. கைபேசிக்குச் சில பத்து லட்சம் பிட்டுகளுக்குள் அது அடங்கியாக வேண்டும். ஆகவே காணொளியைச் சுருக்கும் குறியாக்கி அடுத்தடுத்த படங்களை ஒப்பிடுகிறது. புல்தரை மாறவில்லையா, திரும்ப அனுப்பத் தேவையில்லை; நகர்ந்த பந்தையும் ஓடும் வீரரையும் மட்டும் குறித்தால் போதும். முன்னால் வந்ததோடு பின்னால் வரப்போவதையும் பார்த்துத்தான் இப்படிச் சுருக்க முடியும் என்பதால் படங்கள் சற்றே காத்திருக்க நேர்கிறது. டி.வி.யில் ஏற்படும் சில நொடித் தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

கைபேசியில் இன்னும் பல படிகள் உண்டு. காணொளி சில நொடி நீளத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராகி, வெவ்வேறு ஊர்களிலுள்ள சர்வர்களுக்குப் போகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊரில் தமிழ் வர்ணனை வேண்டுமா, தெலுங்கா என்பதும் இங்கேதான் பிரிகிறது. கடைசியாகக் கைபேசியும் இரண்டு மூன்று துண்டுகளைச் சேமித்த பிறகே படத்தை ஓட்டத் தொடங்குகிறது. நெல்லை முதலில் குதிருக்குள் போட்டுவிட்டு அன்றாடம் அளந்து எடுப்பதைப்போல, சிக்னல் நடுவில் மங்கினாலும் ஆட்டம் நிற்காதிருக்க இந்தச் சேமிப்பு. கோடிக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தடங்கலின்றிப் பார்ப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

அடுத்த போட்டியின்போது டி.வி.யையும் கைபேசியையும் அருகருகே வைத்து, ஒரே பந்து இரண்டிலும் விழும் இடைவெளியை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளையும் எண்ணச் சொல்லுங்கள். அந்த நொடிகளில் பெரும்பகுதி பயணத்துக்கு ஆனதல்ல, படம் தடுமாறாமல் வருவதற்காகக் காத்திருந்த நேரம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.