மார்கழி வந்தால் மனசு ஏன் மூலையில் போய் உட்காருகிறது?

நாகர்கோவிலில் குளிர்காலமா என்று கேட்டு ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்! மார்கழி விடியலில்கூட அங்கே 22, 23 டிகிரிதான் இருக்கும். ஆசைப்பட்டு வாங்கிய ஸ்வெட்டர் பீரோவில்தான் தூங்கும். ஆனால் அந்த நாட்களில் நாஞ்சில் நாட்டு வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை விட்டு விட்டுப் பெய்து, முற்றம் பாசி பிடித்து, துவைத்த துணி காயாமல் ஒரு வாடை அடித்து... பல அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் முகமே சரியாக இருப்பதில்லை. "என்ன செய்யுது?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல" என்பார்கள். அந்த 'ஒண்ணும் இல்ல'வைப் பற்றித்தான் இப்போது பேசப்போகிறோம்.

என் பெரியம்மை (எங்கள் பக்கம் பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை செய்யவில்லை. பனங்குருத்தோலைக்குள் அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் வைத்து மூடி அவிப்பார்களே, அதேதான். அந்த வாசனை இல்லாமல் பெரியம்மை வீட்டில் ஒரு கார்த்திகையும் போனதில்லை. பெரிய மகன் வளைகுடாவில், சின்னவன் பெங்களூரில். "யாருக்காக்கும் செய்யணும் மக்களே? மனசு வரட்டும், பார்ப்போம்" என்றார். மூன்று வாரம் ஆயிற்று. மனசு வரவில்லை.

இதென்ன குளிர்கால நோயா? மேல்நாட்டில் அப்படி ஒன்று உண்டு. 1984-இல் அமெரிக்க மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும், குளிர்காலம்தோறும் வந்து வசந்தத்தில் விலகிவிடும் ஒரு மனச்சோர்வைப் பற்றி விரிவாக எழுதினார்கள். வெளிச்சம் குறைவதுதான் அதில் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. நார்வே நாட்டில் டிராம்சோ என்று ஒரு ஊர். அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் உதிப்பதே இல்லை! மனசு கறுக்காமல் என்ன செய்யும்?

நமக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. குமரி மாவட்டத்தில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் சுமார் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். சூரியன் வராமல் இல்லை. நாம்தான் அதன் கண்ணில் படாமல் உள்ளே இருந்துவிடுகிறோம். மழை என்று கதவைச் சாத்துகிறோம். வழுக்கும் என்று முற்றத்தில் இறங்குவதில்லை. முட்டு வலிக்கிறது, அதனால் கோயிலுக்கும் இல்லை, சந்தைக்கும் இல்லை. டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தால் பொழுது போய்விடும், அவ்வளவுதான்!

ஒரு கணக்குச் சொல்கிறேன். வெளிச்சத்தை 'லக்ஸ்' என்ற அளவில் அளக்கிறார்கள். டியூப் லைட் எரியும் அறையில் 200, 300 லக்ஸ் இருந்தால் அதிகம். மேகம் மூடிய பகலில் வாசலில் வந்து நின்றால் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். வெயில் அடித்தால் கேட்கவே வேண்டாம். நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் தினமும் இந்தக் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அது தவறினால் தூக்கம் தவறும். தூக்கம் தவறினால் மறுநாள் எரிச்சல்தான்.

அதனால் காலைக் காப்பியைக் கட்டிலில் குடிக்காதீர்கள். படிப்புரையில் போய் உட்கார்ந்து குடியுங்கள். 'ஃபிளாட்'டில் இருப்பவர்களுக்கு பால்கனி இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது. அரை மணி நேரம் போதும். (சுக்கும் கருப்பட்டியும் போட்ட காப்பி மழைக்கு இதம்தான். ஆனால் சர்க்கரைக்காரர்கள் கவனிக்கவும்: கருப்பட்டி நல்லது நல்லது என்று சொல்லிச் சொல்லியே நிறையப் பேர் சுகரை ஏற்றிக்கொள்கிறார்கள். அதுவும் இனிப்புதான்!) இன்னொன்று. குளிருக்கு ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் கொஞ்சம் ஏறும். பிரஷரோ இதயக் கோளாறோ உள்ள பெரியவர்கள் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் தலை முழுக வேண்டாம். வெந்நீரில் குளித்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

மனசு வரட்டும் என்று காத்திருக்கலாமா?

பெரியம்மை சொன்ன "மனசு வரட்டும், பார்ப்போம்" இருக்கிறதே, தப்பு அங்கேதான். நாம் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். மனசு முதலில் சரியாகும், அப்புறம் எழுந்து வேலை பார்ப்போம் என்று.

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லூயின்சோன் என்ற மனநல ஆராய்ச்சியாளர் 1970-களில் இதைத் திருப்பிப் போட்டார். சோர்ந்த மனுஷன் சந்தோஷம் தரும் காரியங்களைக் குறைக்கிறான். குறைக்கக் குறைக்க இன்னும் சோர்கிறான். இந்தச் சுழலை எங்காவது வெட்ட வேண்டும் என்றால், மனசு இல்லாவிட்டாலும் கையைக் காலை அசைக்க வேண்டும், மனசு பின்னால் வரும் என்றார். அவரும் சக ஆராய்ச்சியாளரும் சேர்ந்து 320 இன்பமான காரியங்களைப் பட்டியலே போட்டார்கள். அதில் பெரும்பாலானவை சாதாரண அன்றாட விஷயங்கள். இன்றைக்கும் மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் இந்த வழிக்குத் தனி இடம் உண்டு.

நாஞ்சில் நாட்டில் அப்படி ஒரு பட்டியல் போட்டால் இந்த இரண்டு மாதத்துக்கே இடம் போதாது. டிசம்பர் 3-ஆம் தேதியோடு கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடியும்போதே வீட்டு வாசல்களில் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிடும். பின்னாலேயே குடில் கட்டுவது. அந்தப் பக்கம் சுசீந்திரத்தில் மார்கழித் தேர். கூட்டத்துக்குப் பயந்தால் தேரன்றைக்கு வேண்டாம், முந்தின நாள் ஒரு மாலை போய்விட்டு வாருங்கள். கும்பப்பூ வயல் பச்சை கட்டி நிற்கும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்தாலே பாதிச் சந்தோஷம்!

ஆனால் ஒன்று. "ஏதாவது செய்யுங்களேன்" என்று பொதுவாகச் சொன்னால் சோர்ந்தவர் எதையும் செய்யமாட்டார். நேரம் குறித்து, சின்னதாக, கூட ஒரு ஆளோடு என்றால் நடக்கும். "நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன், மரச்சீனி அவிக்கலாம், காந்தாரி மிளகாய் நீங்க அரைச்சு வையுங்க." இப்படிச் சொல்லிப் பாருங்கள். அடுக்களையில் அவருக்கு ஒரு வேலை இருக்கட்டும். வெளியூர்ப் பிள்ளைகளும் கவனிக்கவும். "மாத்திரை போட்டியா?" என்று மட்டும் போனில் கேட்காதீர்கள். "தீயலுக்குத் தேங்காய் எந்தப் பக்குவத்தில் வறுக்கணும்?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள்.

எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு எடுபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி கொண்டுபோன கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடிக் கரை வீடுகள் இருக்கின்றன. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி வந்தபோது கடலில் இருந்து திரும்பாதவர்களின் வீடுகள் இருக்கின்றன. அங்கெல்லாம் நட்சத்திரம் கட்டும் கையே நடுங்கும். அவர்களிடம் போய் "மறந்துட்டு சந்தோஷமா இருங்க" என்று சொல்லவே கூடாது. போனவரின் பேரைச் சொல்லிப் பேசலாம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சாயா குடிக்கலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தோ, எதிலும் ஈடுபாடு இல்லாமலோ இருந்தால் அது மார்கழிச் சோம்பல் அல்ல. தூக்கம், பசி கெடலாம். வயதானவர்களுக்கு இது அழுகையாக வராமல் உடம்பு வலியாக, மறதியாக, "எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சாகவும் வரலாம். தைராய்டும் பி12 குறைவும்கூட இதே வேஷம் போடும், அதனால் ரத்தப் பரிசோதனை தேவைப்படும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். "செத்துப் போனா நல்லது" என்று யாராவது சொன்னால், கிழவி புலம்புகிறாள் என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

பெரியம்மையையும் கூட்டிப்போனோம். சில மாதம் மாத்திரை சாப்பிட்டார். அதற்கு நடுவில் பொங்கலுக்கு முந்தின வாரம், பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சாக்கில் சிறுகிழங்கு கொண்டுவந்து, "பெரியம்மை, எனக்குத் தோல் எடுக்கத் தெரியல்ல" என்று படிப்புரையில் கொட்டிவிட்டாள். முணுமுணுத்துக்கொண்டேதான் எழுந்து வந்தார். சாக்கில் போட்டு எப்படி அடிக்க வேண்டும், எப்படித் தேய்க்க வேண்டும், மிச்சத்தைக் கத்தியால் எப்படிச் சுரண்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றரை மணி நேரம் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. ராத்திரி பெங்களூர் மகனுக்கு அவரே போன் போட்டு, கை விரலெல்லாம் கறுத்துப்போன கதையைச் சொல்லிச் சிரித்தார். கறை பிடிக்காமலிருக்க முதலிலேயே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டுமாம். அந்தப் பெண்ணிடம் அதைச் சொன்னது, கிழங்கெல்லாம் தீர்ந்த பிறகு!