இணையம் நின்றால் எங்கே தேடுவது?

மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்திற்கு இன்றே கடைசி நாள். வீட்டு லினக்ஸ் கணினியிலோ இணையம் வரவில்லை. உடனே கடைக்குத் தூக்கிச் சென்று ஐம்பது வெள்ளி கொடுக்க வேண்டுமா? சற்றுப் பொறுப்போம். பழுது எங்கே என்று முதலில் நாமே பார்ப்போம்.

தோட்டத்தில் நாம் எழுதும் கடிதம் முதலில் ஆபீசுக்குப் போகும். அங்கிருந்துதான் பட்டணம் போகும். நம் வீட்டு ரவுட்டர்தான் அந்த ஆபீஸ்.

'டெர்மினல்' சாளரத்தைத் திறந்து 'ஐபி ரூட்' என்று ஆங்கில எழுத்தில் தட்டுவோம். 'டிஃபால்ட் வியா' என்பதை அடுத்து 192.168.1.1 போன்ற ஓர் எண் வரும். அது ரவுட்டரின் விலாசம். எண்ணே வரவில்லையென்றால், கணினி ரவுட்டரோடு சேரவில்லை. வைஃபையையும் கம்பியையும் பார்க்க வேண்டும்.

எண் வந்தால், 'பிங்' என்று தட்டி அந்த எண்ணைச் சேர்ப்போம். பதில் வந்தால் ஆபீஸ் வரை வழி சரி. அடுத்து 'பிங் 8.8.8.8'. இது கூகுளின் விலாசம். பதில் இல்லையென்றால், பழுது பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால். ரவுட்டரை அரை நிமிடம் அணைத்துப் போடுவோம். சரியாகாவிட்டால் இணைய நிறுவனத்தை அழைப்போம். அதுவரை கைப்பேசி டேட்டாவைப் பகிர்ந்து விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம்.

எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயரைத் தட்டினால் மட்டும் பக்கம் திறக்கவில்லையா? பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் பழுது. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 என்று எழுதி, இணைப்பை ஒருமுறை அணைத்துத் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்த வரிசையைத் தாளில் எழுதிக் கணினி அருகே ஒட்டி வைப்போம். பழுது எங்கே என்று தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது.